விளைச்சலை முன்னறியும் இயந்திரம்

நிற்கின்ற பயிரின் கதிர்நீளத்தையும் மணியின் திரட்சியையும் பார்த்தே மாவுக்கு இத்தனை கலம் காணும் என்று சொல்லிவிடும் அனுபவஸ்தர்கள் தஞ்சைத் தரணியில் என்றும் இருந்திருக்கிறார்கள். ஆயினும் ஒரு வயலைக் கண்ணால் மதிப்பது வேறு, ஒரு ஜில்லா முழுவதற்கும் கணக்குச் சொல்வது வேறு. இந்த இரண்டாவது காரியத்துக்காகவே மகலனோபிஸ், சுகாத்மே முதலிய புள்ளியியல் மேதைகள் பயிர் அறுவடைப் பரிசோதனை என்னும் முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தனர். சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போல் தேர்ந்த வயலில், 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரமாக முளையடித்துக் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்துக் குறிக்கும் எடையிலிருந்தே ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்னும் கணக்குப் பிறக்கிறது.

இப்படி ஆண்டாண்டாக அளந்து வைத்த மகசூலை ஒருபுறமும், அதே நிலங்களின் மழை, வெப்பம், செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றை மறுபுறமும் கணினிக்குக் கொடுத்தால், இரண்டுக்குமுள்ள சம்பந்தத்தை அதுவே தேடிக் கண்டு, இன்னும் அறுவடையாகாத பயிருக்கும் ஒரு மதிப்பைக் கூறுவதுதான் இயந்திரக் கற்றல் என்னும் நவீன வித்தை. செழித்த இலை சிவப்பொளியை உட்கொண்டு அகச்சிவப்பொளியைத் திருப்பியனுப்பும். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் அந்த வித்தியாசமே பயிரின் ஆரோக்கியத்துக்குச் சாட்சி. சம்பா பருவத்தில் மேகம் மறைத்தாலோ, 2014இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-1 போன்ற செயற்கைக்கோள்களின் ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவிச் செல்கின்றன. நடவுக்கு நீர் தேக்கிய வயல் அப்படத்தில் கறுத்தும், தூர்கட்டிப் பயிர் எழ எழ வெளுத்தும் தோன்றுகிறது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023 காரிப் பருவம் முதல், நெல், கோதுமை மகசூல் கணக்கில் குறைந்தது 30 சதவீதம் இத்தகைய தொழில்நுட்ப மதிப்பீட்டைச் சார வேண்டும் என்று மத்திய சர்க்கார் வகுத்தது. தாமதமும் தகராறும் குறையுமாதலால் இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், பூக்கும் தருணத்தில் கொட்டிய மழையால் மணி பிடிக்காமல் பதராகிப்போன கதிரும், மேலிருந்து பார்க்கும்போது பசுமையாகவே தெரியக்கூடும். தவிர, கற்றுக்கொடுத்த எடைகள் பொய்யானால் இயந்திரம் சொல்லும் மதிப்பும் பொய்யாகும். முன்பு கண்டிராத பெருவறட்சியில் அது தடுமாறவும் கூடும். ஆகையால் கயிறு கட்டி அறுக்கும் பரிசோதனையை, இயந்திரம் வந்துவிட்டதென்று ஒருபோதும் கைவிடலாகாது. அது தங்கள் ஊரில் நடக்கும் நாளன்று, விவசாயப் பெருமக்கள் தவறாமல் வயலுக்குச் சென்று, தராசின் அருகிலேயே நின்று, குறிக்கப்படும் எடையைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.