நண்பர்களோட அதிரப்பள்ளி ட்ரிப்: கார்டு தேய்ச்சவர் மட்டும் ஏன் வட்டி கட்டணும்?



ஜூன்ல கேரளாவுல மழை ஆரம்பிச்சாச்சுன்னா, நம்ம ஆஃபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் கண்டிப்பா வரும்: "மச்சி, அதிரப்பள்ளி போலாமா?" திருச்சூர் மாவட்டத்துல, சாலக்குடி ஆறு சுமார் 80 அடி உயரத்துல இருந்து விழுற இடம். 1986-ல வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு அப்புறம் நம்ம ஊர்ல பல பேருக்கு இது 'புன்னகை மன்னன் ஃபால்ஸ்'தான்.

ட்ரிப் போறது நல்ல விஷயம். போகாதீங்கன்னு சொல்ற ஆள் நான் இல்லை. ஆனா திரும்பி வந்த பிறகு பணத்தால முகம் கொடுத்துப் பேசாம போன நண்பர்கள் நிறைய பேர். அதுக்குக் காரணம் அநேகமா செலவோட அளவு இல்லை, செலவு பண்ண முறைதான். எப்படின்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

1. "நான் கார்டுல போட்டுடறேன், அப்புறம் குடுங்க"

6 பேர், சென்னையில இருந்து 3 நாள் ட்ரிப். டிக்கெட், ரூம், வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய்னு வைங்க. ஆளுக்கு 9,000. ரிவார்டு பாயின்ட் வருமேன்னு நீங்க மொத்தத்தையும் உங்க கிரெடிட் கார்டுல போடறீங்க.

பில் வருது. மூணு பேர் உடனே அனுப்பிட்டாங்க. ரெண்டு பேர் "சேலரி வந்ததும் போடறேன் மச்சி" மோட்ல இருக்காங்க. உங்க பங்கையும் சேர்த்து 36,000 கட்டறீங்க. மீதி 18,000 நிக்குது.

இங்கதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கு. முழு பில்லையும் கட்டலைன்னா, வட்டியில்லா காலம் போயிடும். பாக்கிக்கு வட்டி டியூ டேட்ல இருந்து ஓடாது, பொதுவா கார்டு தேய்ச்ச நாள்ல இருந்தே ஓடும். மாசம் 3.5%னா வருஷத்துக்கு 42%. 18,000 ரூபாய்க்கு 45 நாளைக்கு வட்டி 945 ரூபாய். வட்டி மேல 18% ஜிஎஸ்டி 170. மொத்தம் 1,115 ரூபாய். பாக்கி தீர்ற வரைக்கும் நீங்க வாங்கற புது பொருளுக்கும் முதல் நாள்ல இருந்தே வட்டி.

1% ரிவார்டுன்னா உங்களுக்குக் கிடைச்சது 540 ரூபாய். நண்பர்களுக்கு ஊர் சுத்திக் காட்டினதுக்கு நீங்க கையில இருந்து குடுத்த பரிசு 575 ரூபாய்! அந்த ரெண்டு பேர்கிட்ட "வட்டியும் சேர்த்துக் குடு"ன்னு கேட்க உங்களுக்கு மனசு வருமா? வராது. மனசுக்குள்ள மட்டும் இருக்கும்.

தீர்வு: கிளம்பறதுக்கு முன்னாடியே ஆளுக்கு 10,000 ஒரே அக்கவுண்ட்டுக்கு யுபிஐ பண்ணிடுங்க. மொத்தம் 60,000. திரும்பி வந்ததும் மீதி 1,000 அவங்கவங்களுக்குத் திருப்பி அனுப்பிடலாம். பணம் முன்னாடி வந்தா அது ட்ரிப், பின்னாடி வந்தா அது கடன். கார்டு ஆஃபர் வேணும்னாலும் பிரச்சினை இல்லை. பணம் ஏற்கனவே அக்கவுண்ட்ல இருக்கு, டியூ டேட்டுக்கு முன்னாடி முழுசா கட்டிடுங்க.

2. "சார், 50,000 அக்கவுண்ட்டுக்கு வந்தா டேக்ஸ் வருமா?"

ரொம்பப் பேர் கேட்கற கேள்வி. சொந்தக்காரர் அல்லாதவங்ககிட்ட இருந்து வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல பரிசா வந்தா அது வருமானமா கணக்காகும், உண்மை. ஆனா ட்ரிப் ஷேர் பரிசு இல்லை. அவங்க செலவுக்கு அவங்க குடுத்த பணம், டேக்ஸ் கிடையாது. யுபிஐ அனுப்பும்போது 'அதிரப்பள்ளி ஷேர்'னு ஒரு வார்த்தை போட்டு, பில்களை ஒரு ஃபோல்டர்ல வெச்சிருந்தா போதும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஒரு வருஷத்துல கார்டு பில் கட்டினது 10 லட்சத்தைத் தொட்டா, பேங்க் அதை வருமானவரித் துறைக்கு ரிப்போர்ட் பண்ணும். ஊர்ல இருக்கற எல்லார் செலவும் உங்க கார்டுல போனா, உங்க சம்பளத்துக்கும் செலவுக்கும் பொருந்தாம தெரியலாம்.

3. எல்டிஏ க்ளெய்ம் பண்ணலாமா?

பண்ணலாம், சில கண்டிஷனோட. பழைய வரி முறையில இருக்கணும். புது முறையில இந்தச் சலுகை கிடையாது. பயணக் கட்டணம் மட்டும்தான், ரூம் வாடகையும் பரோட்டாவும் வராது. உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் மட்டும்தான், நண்பனோட டிக்கெட்டை சேர்க்க முடியாது. 4 காலண்டர் வருஷ பிளாக்ல 2 பயணம்தான். கல்யாணம் ஆகப் போறவங்க, குடும்பத்தோட போற பெரிய பயணத்துக்கு ஒண்ணை மிச்சம் வைங்க.

4. அந்த வெள்ளை போர்டு கார்

இதை தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. "நண்பனோட நண்பன் கார் இருக்கு, நாளைக்கு 2,000 குடுத்தா போதும்"னு ஒருத்தர் சொல்வார். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தா, இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுக்க அது ஒரு காரணம் போதும். மலைப்பாதை, மழை, தெரியாத ரோடு. மிச்சம் பண்ற சில ஆயிரத்துக்கு இந்த ரிஸ்க் வேண்டாம். மஞ்சள் போர்டு டாக்ஸி, இல்லைன்னா செல்ஃப் டிரைவுக்கான கறுப்பு போர்டு வண்டி எடுங்க.

நண்பனே தன் சொந்தக் காரை ஓட்டிட்டு வர்றாரா? பாலிசியைக் கேட்டுப் பாருங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா, உள்ளே உட்கார்ந்திருக்கற உங்களுக்கு அதுல பாதுகாப்பு கிடைக்காது. பேக்கேஜ் பாலிசி இருக்கணும்.

உங்க பங்குக்கு, பேங்க்ல பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா போட்டுக்கோங்க. வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் கவர். டீ செலவுதான். இது டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு மாற்று இல்லை, ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு மேல்.

கிளம்பறதுக்கு முன்னாடி

- ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னாடி ஓபன் ஆகும். திருச்சூர் அல்லது சாலக்குடிக்குப் பாருங்க.
- மழை அதிகமானா அருவிக்குப் போற அனுமதியையே நிறுத்திடுவாங்க. அதனால ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கற ரூமா எடுங்க, 500 ரூபாய் கூட இருந்தாலும்.
- ஓணம், பூஜை லீவு வாரத்தைத் தவிர்த்தா ரூம் வாடகை குறையும்.
- இந்த மாசம் எஸ்ஐபி-யை நிறுத்தி அந்தக் காசுல போகாதீங்க. 3 மாசம் முன்னாடியே பிளான் பண்ணா, மாசம் 3,400 எடுத்து வெச்சா போதும்.

"மச்சி, போலாமா?"ன்னு கேட்கற அந்த குரூப்லயே இதை ஷேர் பண்ணுங்க. முக்கியமா, "சேலரி வந்ததும் போடறேன்"னு சொல்ற அந்த ரெண்டு பேர் படிக்கட்டும்!