ஊர்தி இல்லமும் ஈரமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தது கடையநல்லூர். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும்போது, இவ்வூரிலும் மென்தூறல் விழும். வெயிலும் மழையும் மாறி மாறித் தோன்றும். மக்கள் இதனைச் சாரல் என்பர். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில், தறியில் அமர்ந்தவர் சாரலை வெறுப்பதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் பருத்தி இழை வலுப்பெறும்; பாவு எளிதில் அறாது. ஆயின், பாவுக்குக் கஞ்சியிட்டு வெளியில் உலர்த்துவோர்க்கு அதே சாரல் பெரும் இடையூறு.

கொல்லத்திலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. அச்சாலையில் செல்லும் ஊர்திகளுள் சில, இல்லங்களாகவும் விளங்குவன. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, விளக்கு ஆகிய அனைத்தும் அவற்றுள் அடங்கும். இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், 1885-ஆம் ஆண்டிலேயே குதிரைகள் இழுக்கும் இத்தகைய இல்லம் ஒன்றைச் செய்வித்து ஊர்சுற்றினார். ஆந்திரத்தில் என். டி. ராமராவ், 1982-இல் தொடங்கிய தம் அரசியல் சுற்றுப்பயணத்திற்குச் 'சைதன்ய ரதம்' என்னும் ஊர்தியைப் பயன்படுத்தினார். கேரள அரசு 2021-இல் ஊர்தி இல்லச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. தமிழகத்திலோ 'கேரவன்' என்றவுடன் பலர்க்கும் நினைவுக்கு வருவது, நடிகர் ஓய்வெடுக்கும் ஊர்தியே.

ஓரிடத்தில் கட்டிய வீடு அவ்விடத்தின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப அமைந்திருக்கும். ஊர்தி இல்லத்திற்கு அவ்வசதி இல்லை. காலையில் சங்கரன்கோவில் கரிசல் நிலத்தின் வறண்ட காற்றில் நின்ற ஊர்தி, உச்சிப்பொழுதுக்குள் கடையநல்லூர்ச் சாரலில் நனையக்கூடும். அதில் வாழ்வோர்க்குப் பெரும் தொல்லை தருவது கூரையில் விழும் மழை அன்று; உள்ளேயே பிறக்கும் நீர்.

அந்நீர் எங்கிருந்து வருகிறது? உறங்கும் ஒருவர், மூச்சாலும் தோலாலும் ஓரிரவில் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறார். நால்வர் உறங்கினால் ஒரு லிட்டர் ஆயிற்று. 5 மீட்டர் நீளமும், 2 மீட்டர் அகலமும், 2 மீட்டர் உயரமும் உடைய அறையில் 20 கன மீட்டர் காற்று உண்டு. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர்க் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆகவே, அவ்வறைக் காற்று முழுவதும் சேர்ந்தாலும் அரை லிட்டர் நீரைக்கூடத் தாங்காது. சாரல் காலத்தில் அதுவும் முன்பே பெரும்பாலும் நிறைந்திருக்கும். எஞ்சிய நீர் எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியிலும் தகரச் சுவரிலும் துளிகளாய்ப் படியும். மெத்தையின் அடியில் தங்கும். சில நாட்களில் அங்கே பூஞ்சணம் பூக்கும்.

ஈரத்துணியை உலர்த்த அடுப்பை ஏற்றி வைப்போர் உளர். இஃது இரட்டைப் பிழை. சமையல் வாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராகிறது. ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். வீடுகளில் பயன்படும் 14.2 கிலோ உருளை ஒன்று எரிந்து தீரும்போது, ஏறத்தாழ 22 லிட்டர் நீரைக் காற்றில் கலந்திருக்கும்! மேலும், அடைத்த அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய வாயு செவ்வனே எரியாது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு தோன்றும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆதலின், அது வெளியேறுவதற்கென ஊர்தியின் அடித்தளத்தில் துளைகள் விடப்படுகின்றன. சாரற்காற்று புகுகிறதென்றும் பூச்சி வருகிறதென்றும் அத்துளைகளைத் துணியால் அடைப்பது பெருந்தீங்கு.

காற்றோட்டமே ஈரத்திற்கு முதல் மருந்து. குளிர்நாடுகளில் வெளிக்காற்று உலர்ந்தது. சாளரத்தைத் திறந்தால் போதும். சாரலில் வெளிக்காற்றும் ஈரமானதே. எனினும் மூச்சும் சமையலும் கலந்த உட்காற்று அதனினும் ஈரமானது. ஆதலின், கூரையில் பொருத்திய சிறு விசிறியால் அதனை வெளியேற்றுவர். 12 வோல்ட்டில் இயங்கும் அவ்விசிறி 2 ஆம்பியர் மின்னோட்டம் கொண்டால், எட்டு மணி நேரத்திற்கு 16 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி மின்கல அடுக்கிற்கு இஃது எளிய சுமையே.

குளிரூட்டும் பொறி விசிறியைவிட நன்றாக ஈரத்தை நீக்கும். காற்றிலுள்ள நீர் அதன் குளிர்ந்த குழாய்களில் துளித்து வெளியே வடியும். ஆனால் சிறிய மின்கல அடுக்கு அதனை நெடுநேரம் இயக்காது. எனவே எண்ணெயால் இயங்கும் மின்னாக்கியைப் பொருத்துகின்றனர். குளிர் வெளியேறாதிருக்கக் கதவும் சாளரமும் அடைபடுகின்றன. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். மின்னாக்கியின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, ஊர்தியின் அடித்தளத்து இடைவெளி வழியே உள்ளே புகுந்திருந்தது என ஆய்வாளர் கண்டனர். கசிந்த வாயுவை வெளியேற்றிக் காக்கும் துளை, புகை அருகில் இருப்பின் நஞ்சைக் கொணரும் வழியாகவும் ஆகிவிடும்.

ஆகவே, மின்னாக்கியின் புகைக்குழாய் இத்துளைகளுக்கும் சாளரங்களுக்கும் எட்டாத இடத்தில் முடிதல் வேண்டும். நச்சுவாயுவை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவியும் படுக்கையருகே இருத்தல் வேண்டும். அறிந்தோர் உறங்குமுன் மின்னாக்கியை நிறுத்தி, விசிறியை ஓடவிட்டு, சாளரத்தைச் சிறிது திறந்து வைப்பர். விடிந்ததும் கண்ணாடியில் படிந்த நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியை வெளியே பிழிவர். சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் அரைமணிப் பொழுதில் கதவுகளை அகலத் திறந்து, மெத்தையை நிமிர்த்தி வைப்பர்.