யானைக்குட்டியின் திடீர் நோய்

ரம்புக்கனைக்கு அண்மையிலுள்ள பின்னவலை யானைகள் சரணாலயத்தில் 2021 ஆகஸ்ட் 31 இல் 'சுரங்கி' என்னும் யானை இரட்டைக் குட்டிகளை ஈன்றபோது நாடே மகிழ்ந்தது. பிறந்து ஓராண்டு கடந்த இளம் குட்டிகளையே ஒருவகை ஹேர்பிஸ் வைரஸ் பெரிதும் பலிகொள்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இந்நோய்க்கும் பின்னவலைக்கும் பழைய தொடர்புண்டு. இலங்கைச் சிறுவர்களின் அன்பளிப்பாக 1976 இல் அமெரிக்கா சென்ற 'சாந்தி' என்ற யானை பின்னவலையில் பராமரிக்கப்பட்டதாகும். அதன் குட்டி 'குமாரி' 1995 இல் வாஷிங்டனில், 16 மாத வயதில் திடீரென மாண்டது. அம்மரணத்தை ஆராய்ந்தபோதே இவ்வைரஸ் அடையாளங்காணப்பட்டு, 1999 இல் உலகறியச் செய்யப்பட்டது.

வளர்ந்த யானைகளின் உடலில் பெரும்பாலும் தீங்கின்றி உறங்கும் இவ்வைரஸ், தாய்வழி எதிர்ப்புச்சக்தி குறைந்த குட்டிகளின் இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. ஓரிரு நாட்களிலேயே மரணம் நேரலாம். தலையும் தும்பிக்கையும் வீங்கி நாக்கு நீலம்பாரிக்கும் வரை காத்திருப்பது பெரும்பாலும் காலங்கடந்த செயலே. அதற்கு முன்னரே குட்டி சோர்ந்து நிற்கும், தீனியில் நாட்டம் குறையும், லேசாக நொண்டும். இவற்றை முதலில் காண்பவர் வைத்தியரல்லர், பாகனே.

ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல் திரவமேற்றலையும் பாம்சைக்ளோவிர் மருந்தையும் உடனே தொடங்குவதே நிபுணர்களின் வழிமுறை. வளர்ந்த யானையின் இரத்தத் திரவமும் ஏற்றப்படுவதுண்டு. ஹூஸ்டன் மிருகக்காட்சிசாலையில் குட்டிகளின் இரத்தம் வாரந்தோறும் பரிசோதிக்கப்படுகிறது; 2024 இல் அங்கு தடுப்பூசியும் முதன்முறையாக ஏற்றப்பட்டது. அதன் பலன் தெளிவாகும்வரை, 'இன்று குட்டி சரியில்லை' எனப் பாகன் சொன்ன அக்கணமே வைத்தியர் வந்தாக வேண்டும்.