கணுக்காலும் இருதயமும்

மருத்துவர் நோயாளியின் மேற்கையிற் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றி இரத்த அழுத்தம் பார்த்தலை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். 1896-ஆம் ஆண்டில் இத்தாலியரான ரீவா-ரோச்சி இப்பட்டை முறையை வெளியிட்டார். 1905-இல் ருஷ்யரான கொரோட்கோவ், பட்டையின் கீழே செவிக்குழாய் வைத்து ஓசை கேட்கும் முறையைக் கூறினார். அதுமுதல் மேற்கையே அளவெடுத்தற்குரிய இடமாக நிலைபெற்றது. ஆயின் அத்தகைய பட்டையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றுவோமாயின், கை கூறாத செய்தியொன்றைக் கால் கூறும். பாதாதிகேசம் பாடுதல் புலவர்க்கு இயல்பு. மருத்துவரும் அடியினின்று தொடங்குவது ஏன் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முறை எளிது. நோயாளியைச் சிறிது நேரம் படுக்கவைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும், இருதயம் சுருங்கும்போது எழும் மேலழுத்தத்தை அளப்பர். காலிற் செவிக்குழாய்க்கு ஓசை நன்கு புலப்படாதாகலின், டாப்ளர் என்னும் சிறு கருவியின் ஒலியலைகளால் இரத்தவோட்டத்தை அறிவர். காலின் அளவை, இரு கைகளுள் மிக்க அளவால் வகுக்க வருவதே கணுக்கால்-மேற்கை விகிதம். கையில் 130-உம் காலில் 143-உம் இருப்பின் விகிதம் 1.10, காலில் 104-ஆயின் 0.80.

இருதயத்திற்கு அண்மையிலுள்ள கையினும் சேய்மையிலுள்ள காலில் அழுத்தம் மிகுதல் யாங்ஙனம் என்று வினவலாம். நாடியலை நெடிய தமனிகளின் வழியே செல்லுங்கால், எதிரே மோதி மீளும் அலைகளொடு கூடி உயர்கின்றது. ஆதலின் நலமுடையார்க்குக் காலின் அளவு கையளவை ஒத்தோ சிறிது மிக்கோ நிற்கும். விகிதம் 0.90-க்கு மேற்படாதாயின், இடைவழியிற் கொழுப்புப் படிந்து தமனி சுருங்கியுள்ளது என்பது பொருள்.

இனி, காலின் குறை இருதயத்தை எவ்வாறு உணர்த்தும்? உடலின் தமனிகளெல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். காலிற் கொழுப்பைப் படியச்செய்த புகையிலையும் நீரிழிவும் இருதயத்தையும் கழுத்தையும் விட்டுவைப்பதில்லை. கொடுமை யாதெனில், கால் தமனி சுருங்கியோருட் பலர்க்கு நோவே தோன்றாது. சிலர்க்கு நடக்குங்கால் கெண்டைக்கால் வலித்து, நின்றவுடன் தணியும். அதனையும் மூப்பின் குணமென்று வீட்டார் தள்ளிவிடுவர். நம் பெரியோர் பலர் இங்ஙனம் வழியில் நின்று நின்று நடப்பதை யாரும் நோயாகக் கருதுவதில்லை.

2008-இல் 16 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, முன்னர் இருதய நோயில்லாத 48,000-க்கு மேற்பட்டோரைப் பற்றிய கணக்கு வெளிவந்தது. விகிதம் 1.11 முதல் 1.40 வரை இருந்த ஆடவருட் பத்தாண்டிற்குள் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தோர் நூற்றுக்கு 4.4, 0.90-உம் அதற்குக் குறைவும் உடையாருள் 18.7. பெண்டிருள் முறையே 4.1-உம் 12.6-உம் ஆம். கால் வலி காலோடு ஒழியும் என்பார்க்கு இவ்வெண்களே விடை.

எனினும் இவ்வளவையும் ஏமாற்றுதலுண்டு. நெடுநாள் நீரிழிவுடையாரிடத்தும் சிறுநீரக நோயாளரிடத்தும் தமனிச்சுவரிற் சுண்ணச்சத்துப் படிந்து இறுகுதலால், பட்டை அதனை அழுத்தமாட்டாது, விகிதம் 1.40-க்கு மேற்செல்லும். உயர்ந்த எண் நலத்தின் அடையாளமென்று மகிழ்தற்கில்லை. அவர்க்குக் கால்விரலில் அழுத்தம் அளக்கவேண்டும். மேலும், யாதொரு குறியுமில்லாத அனைவர்க்கும் இதனைச் செய்தல் பயன்தருமெனத் துணிதற்குப் போதிய சான்றில்லை என்று 2018-இல் அமெரிக்க நோய்த்தடுப்புக் குழுவினர் உரைத்தனர். நடக்கையில் வலியுடையார், புகைப்போர், நீரிழிவுடையார், முதியோர் ஆகியோர்க்கே இது முதற்கண் உரியதென்பது எம் கருத்து.

விகிதம் குறைந்தவிடத்து மருத்துவர் காலை மட்டும் நோக்கார். புகையிலையை அறவே விலக்கச் சொல்லி, கொழுப்பைக் குறைக்கும் மருந்தும், தேவையாயின் இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்தும் தருவர். அன்றியும் நடக்கச் சொல்வர். வலிக்குமளவும் நடந்து, நின்று ஆறி, மீண்டும் நடத்தலே அந்நடைப் பயிற்சியின் முறை.