டிக் டிக் சத்தம் கேட்கிறதா?

ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார் சிலர் சீறிக்கொண்டு ஓட்டிவந்த எம்.ஜி. கார் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த இனத்தில் பேர்போன எம்.ஜி.பி., 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரானது. பினாங்கில் பத்து பெரிங்கி வளைவுகளில் அது மூச்சுத் திணறி நின்றால், உடனே எஞ்சினைக் கழற்றுவோர் உண்டு. வண்டிக்காரரின் ஒரு மாதச் சம்பளம் அதோடு போயிற்று!

பட்டறையில் வேலை பழகும் தம்பிமார்களே, முதலில் சாவியைத் திருப்பிக் காது கொடுங்கள். பின்சக்கரத்தருகே உள்ள எஸ்.யூ. பெட்ரோல் பம்பு டிக் டிக்கென்று அடித்து, கார்ப்பரேட்டர் நிறைந்ததும் ஓய வேண்டும். சத்தமே இல்லையா? பம்பை மெல்லத் தட்டுங்கள். உயிர் வந்தால், உள்ளிருக்கும் பாயிண்ட் கரிந்திருக்கிறது. குற்றவாளி எஞ்சின் அல்ல. ஓயாமல் அடித்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது எங்கோ ஒழுகும். சிகரெட்டும் கையுமாகத் தேடாதீர்கள்!

பம்பு சரி, ஆனாலும் நெரிசலில் சூடேறி நிற்கிறதா? கார்ப்பரேட்டருக்குக் கீழேதான் புகைபோக்கிக் குழாய் இருக்கிறது. நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் பெட்ரோல் கொதித்துவிடும். பானெட்டைத் திறந்து அரைமணி ஆறவிடுங்கள்.

பேட்டரி மாற்றும்போது கவனம். 1967க்கு முந்திய எம்.ஜி.பி.யில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்.