டர்போ இல்லாவிட்டால் என்ன?

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி சிப்காட். அங்கே வேலைக்குப் போகிறவர்களின் இன்றைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் டர்போ உண்டு. அவசரத்துக்கு ப்ராசஸர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய காலத்துப் பென்டியம் சிப்புகளில் அது கிடையாது. பென்டியம் பி960 என்றால் உச்சம் 2.2 கிகாஹெர்ட்ஸ், அடிமட்டம் 800 மெகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை லினக்ஸ் கெர்னல் பார்த்துக்கொள்கிறது.

எதற்காகக் குறைக்க வேண்டும்? சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு ஏறும்; வோல்டேஜைப் பொறுத்தவரை அதன் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இறங்கினால் வோல்டேஜையும் இறக்கலாம். சூடு தணியும், பேட்டரி கூடுதலாக நிற்கும்.

முடிவெடுக்கும் நிரலுக்கு 'கவர்னர்' என்று பெயர். 2004-இல் கெர்னலில் சேர்ந்த 'ஆன்டிமாண்ட்' கவர்னரை உருவாக்கியவர்களில் ஒருவர் இன்டெலில் இருந்த வெங்கடேஷ் பல்லிபாடி. அது அவ்வப்போது வேலைப்பளுவை அளந்து, வரம்பு மீறினால் ஒரே தாவலில் உச்சத்துக்குப் போய்விடும். 2016-இல் வந்த 'ஷெட்யூட்டில்' தனியாக அளப்பதில்லை. எந்த வேலை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஷெட்யூலர் வைத்திருக்கும் கணக்கையே எடுத்துக்கொள்கிறது. தேவையோடு கால் பங்கு சேர்த்து வேகம் கொடுப்பது அதன் வழக்கம்: முழுத் திறனில் 40 சதவீதம் கேட்கும் வேலைக்குப் பாதி வேகம், 80 சதவீதம் கேட்டால் முழு வேகம். பிடிஎஃப் படிக்கும்போது 800-ஐ ஒட்டிக் கிடக்கும் எண், பிரவுசரைத் திறந்ததும் 2,200-க்கு எகிறுவதை டெர்மினலிலேயே பார்க்கலாம்.

சிப்பின் வேகத்தை மாற்றிவைக்கும் இன்டெல் டிரைவரில் 'நோ டர்போ' என்றொரு கோப்பு இருக்கிறது. டர்போ இல்லாத சிப்பில் அதில் 1 என்றே இருக்கும். 0 என்று மாற்றி எழுதப் பாருங்கள், ரூட்டாக இருந்தாலும் அனுமதி இல்லை என்று பதில் வரும். இல்லாததைத் திறக்க முடியாது, அவ்வளவுதான்.

'ஆட்டோ சிபியூஃப்ரீக்' போன்ற கருவிகள் பேட்டரிக்கு மாறியதும் 'பவர்சேவ்' கவர்னரைப் போட்டுவிடுவதுண்டு. பழைய சிப்பில் இது வம்பு. டிரைவர் பாசிவ் முறையில் இருந்தால், அதாவது வேகத்தை முடிவுசெய்வதைக் கவர்னரிடமே விட்டிருந்தால், பவர்சேவ் ப்ராசஸரை 800-இலேயே கட்டிப்போட்டுவிடும். யூடியூப் கூடத் திக்கும். டர்போவும் இல்லாத இடத்தில் ஷெட்யூட்டிலை அதன் போக்கில் விடுவதே என் கட்சி.