0.9 சதவீதத்தின் விலை

2022 அக்டோபரில் ஹவாயின் கோனா நகரில் நடந்த அயர்ன்மேன் டிரையத்லான் உலகப் போட்டியில், நார்வே வீரர் குஸ்தாவ் ஈடன் மாரத்தான் பகுதியை 2 மணி 36 நிமிடம் 15 விநாடியில் முடித்தார். அதுவரை அந்தத் தடத்தில் மிக விரைவான ஓட்டம் ஜெர்மனியின் பட்ரிக் லாங்கே 2016-இல் எடுத்த 2 மணி 39 நிமிடம் 45 விநாடி. வித்தியாசம் 210 விநாடி, அதாவது 2.2 சதவீதம். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே, 2017-இல், கார்பன் தகடு பதித்த தடித்த நுரை ஷூ கடைக்கு வந்தது. 210 விநாடியையும் ஷூவின் கணக்கில் எழுத முடியாது. அன்றைய காற்று, வெயில், உணவு, சைக்கிள் பகுதியில் மிச்சம் பிடித்த தெம்பு என்று பல பங்காளிகள் உண்டு. ஆனாலும் இத்தகைய எண்களைப் பார்க்கும் அமெச்சூர் வீரருக்கு எழும் கேள்வி, அந்த ஷூ வாங்கத் தகுமா என்பதுதான். அதற்கான விடையைத் தொகையாகவே போட்டுப் பார்க்கலாம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் ஓட்டத்தின் பங்கைத் தூரத்தை வைத்து அளந்தால் சிறியதாகத் தெரியும். அயர்ன்மேனில் நீச்சல் 3.86 கி.மீ., சைக்கிள் 180.2 கி.மீ., ஓட்டம் 42.195 கி.மீ.; மொத்தம் சுமார் 226 கி.மீ.யில் ஓட்டம் 18.6 சதவீதம். நேரத்தில் அளந்தால் படம் மாறுகிறது. 2024-இல் லாங்கே கோனாவில் 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் வென்றபோது ஓட்டத்துக்கு மட்டும் 2 மணி 37 நிமிடம் 34 விநாடி செலவானது. அது மொத்த நேரத்தில் 34.6 சதவீதம். தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத பகுதி, நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஷூவின் மேல் இத்தனை கவனம் குவிவது நியாயமே.

புதுவகை ஷூவுக்கு முதலில் கிடைத்த எண் 4 சதவீதம். அமெரிக்காவில் 18 ஓட்டக்காரர்களை மணிக்கு 14, 16, 18 கி.மீ. வேகங்களில் ஓடவிட்டு அளந்தபோது, நைக்கியின் முன்மாதிரி ஷூ அப்போதைய இரண்டு சிறந்த பந்தய ஷூக்களைவிடச் சராசரியாக 4 சதவீதம் குறைவான ஆற்றலில் அதே வேகத்தைக் கொடுத்தது. கடைக்கு வந்தபோது விலை 250 டாலர். இந்த 4 சதவீதம் விளம்பரத்தில் நிலைத்துவிட்டது. அதை அளந்த வேகங்கள் நிலைக்கவில்லை. மணிக்கு 14 கி.மீ. என்பது 42.195 கி.மீ.யை 3 மணி 1 நிமிடத்தில் முடிக்கும் வேகம். 180 கி.மீ. சைக்கிள் மிதித்த பிறகு அந்த வேகம் மிகச் சிலருக்கே வாய்க்கும்.

என் கணக்கு முழுவதும் 0.9 என்ற எண்ணில் நிற்கிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இதே வகை ஷூவை மெதுவான வேகங்களில் சோதித்தார்கள். மணிக்கு 12 கி.மீ.யில் சராசரிச் சேமிப்பு 1.4 சதவீதம், 10 கி.மீ.யில் 0.9 சதவீதம். சிலருக்கு ஆற்றல் செலவு கூடவும் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, மணிக்கு 16 கி.மீ.யில் 7 பந்தய ஷூக்களை வைத்து நடந்த ஒப்பீட்டில் முன்னணி மூன்று ஷூக்கள் 2.5 முதல் 3 சதவீதம் வரை மிச்சப்படுத்தின. கடைசியாக வந்த ஷூ, சாதாரணப் பந்தய ஷூவிலிருந்து ஏறத்தாழ வேறுபடவே இல்லை. தடித்த நுரையும் கார்பன் தகடும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்த 7 ஷூக்களே சாட்சி.

இந்தச் சதவீதங்களை விநாடியாக்குவோம். ஆற்றல் சேமிப்பு அதே விகிதத்தில் நேரமாக மாறும் என்றும், பந்தய ஷூ ஒரு ஜோடி 20,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்கிறேன். மணிக்கு 16 கி.மீ.யில் மாரத்தான் ஓடுபவருக்கு 2.7 சதவீதம் என்றால் 256 விநாடி மிச்சம். ஒரு விநாடிக்கு 78 ரூபாய். கோவாவில் 2019-இல் தொடங்கிய, பாதித் தூர அயர்ன்மேனான 70.3 போன்ற போட்டியில் 21.1 கி.மீ.யை மணிக்கு 10 கி.மீ.யில் ஓடுபவருக்கு 68 விநாடி. ஒரு விநாடிக்கு 294 ரூபாய். ஸ்பிரிண்ட் டிரையத்லானின் 5 கி.மீ.யை அதே வேகத்தில் ஓடினால் 16 விநாடி. ஒரு விநாடிக்கு 1,250 ரூபாய். ஐந்து போட்டிகளுக்கு அதே ஜோடியை அணிந்தால் தொகை ஐந்தில் ஒன்றாகக் குறையும். மூவருக்கும் இடையிலான விகிதம் மாறாது. மெதுவாகவும் குறைந்த தூரமும் ஓடுபவர் ஒவ்வொரு விநாடிக்கும் பல மடங்கு கொடுக்கிறார்.

அந்த 16 விநாடி மலிவாகவும் கிடைக்கும். சைக்கிளை நிறுத்திவிட்டு ஷூ மாட்டும் இடத்தில், ஈரக் கையால் இரண்டு நாடாக்களை முடிச்சுப் போட 20 விநாடி ஆகிறது, இழுநாடா (எலாஸ்டிக் நாடா) போட்ட ஷூவில் காலை நுழைக்க 5 விநாடி ஆகிறது என்று கொண்டால் லாபம் 15 விநாடி. நாடா 300 ரூபாய் என்றால் ஒரு விநாடிக்கு 20 ரூபாய். முதல் ஸ்பிரிண்ட் போட்டிக்குப் பதிவு செய்யும் யாரிடமும் நான் இந்த நாடாவைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

அடுத்தது எடை. ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடும் ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது. 1980-களிலிருந்து பல அளவீடுகள் இதை உறுதிசெய்திருக்கின்றன. அடிடாஸ் 2023-இல் 138 கிராமில் ஒரு ஷூவை 500 டாலருக்கு விற்றது; எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசேஃபா அதை அணிந்து பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் உலக சாதனை படைத்தார். மாரத்தான் ஓட்டக்காரருக்கு அந்த எடை கடைசிவரை ஏறக்குறைய நிலையானது. டிரையத்லானில் அப்படியில்லை. வெயிலில் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் தலையில் ஊற்றிக்கொள்ளும் நீர் காலுறை வழியே ஷூவுக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு காலிலும் ஷூவும் காலுறையும் சேர்ந்து 80 கிராம் நீரைப் பிடித்துவைத்தால் செலவு 0.8 சதவீதம் கூடும். 0.9 சதவீதத்துக்கு 20,000 ரூபாய் கொடுத்தவர், அதில் ஏறத்தாழ முழுவதையும் தண்ணீரில் இழக்கிறார். ஆகவே மேல்துணி எவ்வளவு விரைவில் வடிகிறது என்பதைக் கடையிலேயே பார்க்க வேண்டும். நிறுவனங்கள் சொல்வது உலர்ந்த ஷூவின் எடையைத்தான்.

அளவும் அப்படித்தான். நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஓர் எண் 8.5 மில்லிமீட்டர், அரை எண் 4.2 மில்லிமீட்டர். சில மணி நேரச் சைக்கிளுக்குப் பின் வீங்கிய காலுக்கு இந்த 4.2 மில்லிமீட்டர் பல சமயம் நகத்தைக் காப்பாற்றும். காலை நேரத்தில் அளந்து வாங்காமல், நீண்ட பயிற்சி முடிந்த மாலையில் அளப்பது நல்லது.

இனி ஆண்டுக் கணக்கு. வாரம் 40 கி.மீ. ஓடுபவர் ஆண்டுக்கு 2,080 கி.மீ. ஓடுகிறார். பயிற்சி ஷூவின் ஆயுளாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 480 முதல் 800 கி.மீ.; நடுவே 600 என்று எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 3.5 ஜோடி. ஜோடிக்கு 8,000 ரூபாய் என்றால் 27,700 ரூபாய், கிலோமீட்டருக்கு 13.33 ரூபாய். இதோடு ஆண்டுக்கு இரண்டு 70.3 போட்டிகளில் மட்டும் அணிய 20,000 ரூபாய் ஜோடி ஒன்று வாங்கினால் மொத்தம் 47,700. போட்டித் தூரம் 42.2 கி.மீ., அதாவது ஆண்டு ஓட்டத்தில் 2 சதவீதம். அதற்குப் போகும் பணம் 42 சதவீதம். விலையுயர்ந்த ஜோடியைப் பயிற்சிக்கும் போட்டுத் தேய்த்தால் விகிதம் சீராகும் என்று தோன்றலாம். ஆனால் ஓர் ஆய்வில், அந்த ஷூக்களில் பயன்படும் வகை நுரை 450 கி.மீ.க்குப் பின் சாதாரண நுரையைவிட மேலானதாக இல்லை.

அந்த 42 சதவீதத்தை எங்கே வைக்கலாம் என்பதற்கும் ஓர் எண் இருக்கிறது. லக்ஸம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயத்தின் அபாயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஜோடி மாற்றியதுதான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. தொடர்பு மட்டுமே காட்டப்பட்டது. கடையில் பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ தேர்ந்துகொடுக்கும் முறைக்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகிய மூன்றின் பயிற்சி முகாம்களிலும் பாத வடிவத்துக்கேற்ப ஷூ கொடுத்துப் பார்த்தார்கள்; காயங்கள் குறையவில்லை. 20,000 ரூபாயில் 8,000 ரூபாய் ஜோடிகள் இரண்டரை கிடைக்கும்; ஆனால் மாற்றி அணிய அந்தச் செலவுகூடத் தேவையில்லை. மணிக்கு 10 கி.மீ.யில் ஓடுபவர் இரண்டாவது ஜோடியை ஆண்டின் தொடக்கத்திலேயே வாங்கி, முதல் ஜோடியோடு மாற்றி அணியலாம். வருடக் கடைசியில் அவருடைய செலவு ஒரு ரூபாயும் கூடியிருக்காது. எப்படியும் 3.5 ஜோடி தேயத்தான் போகிறது. மாறுவது வாங்கும் தேதி மட்டுமே.